சைரன் நின்ற பிறகு

என்னைவிட நான்கு வயது சின்னவரை, பார்த்த முதல் நிமிடத்திலேயே அக்கா என்று கூப்பிட்டுவிட்டேன். பயந்துபோயிருந்தேன், அதுதான் காரணம். பயம் வந்தால் எதிரில் இருப்பவர் எல்லாரும் எனக்கு மூத்தவர்களாகத் தெரிவார்கள். பல் பிடுங்கப் போன இடத்தில் இருபத்தைந்து வயது டாக்டரை ஐயா என்று கூப்பிட, அவர் தன் அப்பா வந்துவிட்டாரோ என்று வாசலைத் திரும்பிப் பார்த்திருக்கிறார்.

அன்றைய பயம் வண்டியைப் பற்றியது. நான் கால்நடை ஆய்வாளர். தடுப்பூசிப் பெட்டியைப் பின்சீட்டில் கட்டிக்கொண்டு, கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வாரத்தில் நாலு நாள் கல்வராயன் மலை ஏறி இறங்குகிறவன். வண்டி போனால் கால் போன மாதிரி. அந்த வண்டியை மருந்துக்கடை வாசலில் காணோம். கடைத்தெரு முழுக்க ஓடினேன். என் வண்டி மாதிரியே ஒன்றில் போய்க்கொண்டிருந்த ஒரு வாத்தியாரைத் துரத்தி, பின்பக்கக் கம்பியைப் பிடித்துத் தொங்கி, அவரையும் கீழே தள்ளி நானும் விழுந்தேன். கடைசியில் பார்த்தால் வண்டி பின்தெருவில் சாதுவாக நிற்கிறது. அந்தக் கடைக்கு இரண்டு வாசல். பின்வாசலில் நிறுத்தி உள்ளே போனவன் முன்வாசலில் வெளியே வந்திருக்கிறேன்.

வேறு யாராவது இருந்தால் வாத்தியாரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு அந்தக் கதையை மறந்திருப்பார்கள். நான் போய் ஒரு அலாரம் வாங்கினேன்.

அதை வண்டியில் பொருத்தத்தான் தியாகதுருகம் சாலையில், வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்க்கும் ஒரு தகரக் கொட்டகைக்குப் போனேன். பலகையில் ஒரு ஆண் பெயர். உள்ளே ஒரு பெண், சீட்டைக் கழற்றிய பைக் ஒன்றுக்குள் தலையை விட்டிருந்தார். அவர் கணவர் மஞ்சள் காமாலையில் போய் ஆறு வருடம் ஆகியிருந்தது. கணவரோடு சேர்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த இவர், அவர் போன பிறகும் பார்த்தார், அவ்வளவுதான். பலகையை மாற்றவில்லை. இதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்றைக்கு நான் அலாரப் பெட்டியை நீட்டி, மூச்சு வாங்க, “அக்கா, வண்டி திருடு போயிடுச்சிக்கா” என்றேன்.

அவர் தலையை வெளியே எடுத்து என்னைப் பார்த்தார். பிறகு நான் உட்கார்ந்திருந்த வண்டியைப் பார்த்தார்.

“அப்ப இது இன்னாது சார்?”

“இதுதான். கெடச்சிடுச்சி.”

“யாரு எடுத்தாங்க?”

“யாரும் எடுக்கல.”

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. இன்சுலேஷன் டேப்பைக் கத்தியால் வெட்டமாட்டார், பல்லால் கிழிப்பார். அன்றைக்கு எந்த வயரும் கையில் இல்லாமலேயே ஒரு துண்டு டேப்பைக் கிழித்தார். சிரிப்பை மறைக்க அவர் வைத்திருந்த ஏற்பாடு அது என்று கண்டுபிடிக்க எனக்கு ஆறு மாதம் ஆயிற்று. இதை எழுதும்போதுகூட எனக்கு ‘அவள்’ என்று எழுத வரவில்லை, பாருங்கள்.

அவரை ஒரே வரியில் சொல்லவேண்டும் என்றால், வாய் சொல்வதை நம்பாதவர். சந்தேகப்படுகிற குணம் என்று நினைக்கவேண்டாம். யாரையும் பொய்யர் என்று சொன்னதில்லை. சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். பிறகு டெஸ்ட் லைட்டை எடுப்பார். ஒரு சின்ன பல்பு, இரண்டு பக்கம் வயர், ஒரு முனையில் ஊசி. அதை வைத்துத் தானாகப் பார்ப்பார். பேட்டரி செத்துவிட்டது என்று ஒருவர் சத்தியம் செய்தால், “ஆமாங்க, இருக்கும்” என்று சொல்லிக்கொண்டே பேட்டரியில் லைட்டை வைப்பார். அது பளிச்சென்று எரியும். அந்த ஆள் வேறு பக்கம் பார்ப்பார். இவர் ஃபியூஸ் பக்கம் போய்விடுவார்.

வயரின் நிறத்தையும் நம்பமாட்டார். சிவப்பு கரண்ட், கருப்பு எர்த் என்று அலாரப் பெட்டியோடு வந்த காகிதத்தில் இருந்ததை நான் உரக்கப் படித்துக் காட்டினேன். எனக்கும் கொஞ்சம் தெரியும் என்று அவருக்குத் தெரியவேண்டாமா. “கம்பெனில ஒரு கலர் போட்டு அனுப்புவாங்க, நடுவுல கை வச்சவரு கைக்கு வந்த கலர போட்டிருப்பாரு” என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு வயரையும் ஊசியால் தொட்டுத் தொட்டுத்தான் சேர்த்தார். இரண்டு இன்டிகேட்டருக்கும் ஒவ்வொரு வயர், சாவி போடும் இடத்தின் பின்னாலிருந்து ஒன்று, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்து ஒன்று. கடைசியாக ஒரு வயர் மிஞ்சியது.

“வண்டி எங்க எங்க போவும் சார்?”

மலைக்குப் போகும் என்றேன்.

“அப்ப இத குடுக்கமாட்டேன். இது எஞ்சின நிறுத்தற வயரு. வளைவுல ஏறிக்கினு இருக்கும்போது பாக்கெட்ல ரிமோட்டு அமுங்குச்சின்னா எஞ்சின் நின்னுடும். வண்டி பத்தரமா இருக்கும். நீங்க இருக்கமாட்டீங்க.”

அந்த வயரின் முனையைச் சுற்றி டேப் போட்டு, உள்ளே மடக்கி வைத்துவிட்டார். நான் பத்திரமாக இருக்கவேண்டும் என்று எங்கள் குடும்பத்துக்கு வெளியே ஒருவர் யோசித்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அப்போது நாற்பத்தொன்று. எனக்குப் பெண் பார்ப்பதை வீட்டில் கைவிட்டிருந்தார்கள். போன இடத்திலெல்லாம் படபடப்பில் ஜோக் சொல்லிவிடுவேன். ஒரு வீட்டில், பெண் கொண்டுவந்த கேசரியைப் பார்த்து, கோழித் தீவனமும் இதே நிறம்தான் என்று சொன்னேன். கேசரியைத் திரும்ப உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

வேலை முடிந்தது என்று அவர் வாயாலேயே சொன்னார். ஆனால் தன் வாயையும் அவர் நம்புகிறவர் இல்லை. ரிமோட்டை என்னிடம் கொடுத்து, அழுத்திக்கொண்டே சாலையில் நடந்து போகச் சொன்னார். எவ்வளவு தூரம் வரை வண்டிக்குக் கேட்கிறது என்று பார்க்கவேண்டுமாம். நான் முன்னால் பார்த்து நடந்தால் வண்டி தெரியாது என்பதால் பின்பக்கமாகவே நடந்தேன். டீக்கடையில் அழுத்தினேன். கொட்டகை வாசலில் வண்டி இரண்டு கண்ணையும் சிமிட்டியது. உரக்கடையில் அழுத்தினேன், சிமிட்டியது. வண்டிக்குப் பக்கத்தில் அவர் டெஸ்ட் லைட் பிடித்த கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். இன்னும் போங்க என்று கையைக் காட்டினார். அரிசி மில் தாண்டி அழுத்தியபோது ஒன்றும் நடக்கவில்லை. ஒரு அடி முன்னால் வந்தேன், சிமிட்டியது. பின்னால் வைத்தேன், இல்லை. முன்னால், பின்னால் என்று பேருந்தில் போகிறவர்கள் தலையை நீட்டிப் பார்க்கும்படி ஆடிக்கொண்டிருந்தேன். எனக்கென்னவோ அங்கிருந்து நகரவே மனம் வரவில்லை.

அதிர்வைக் கண்டுபிடிக்கும் பகுதியில் ஒரு சின்ன திருகு இருந்தது. காற்று அடித்தால் சும்மா இருக்கவேண்டும், கை வைத்தால் கத்தவேண்டும், அந்த அளவுக்கு அதைத் திருகி வைத்துக் கொடுத்தார். ஆடு உரசினால் என்ன செய்யவேண்டும் என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் சொல்லவில்லை. மறுநாள் மலையில், ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி போட நாற்பது ஆடுகளை ஒரு பட்டியில் அடைத்து வைத்திருந்தார்கள். ஒரு கிடா வந்து வண்டியில் முதுகைச் சொறிந்தது. சைரன் என்றால் சாதாரண சைரன் இல்லை, ஆறு விதமான ராகத்தில் மாறி மாறிக் கத்துகிற சைரன். ஆடுகள் படலைச் சாய்த்துக்கொண்டு காட்டுக்குள் ஓடின. ஆட்டுக்காரர் நிதானமாக வண்டிக்குப் பக்கத்தில் வந்து, “மொத ஊசிய இதுக்கே போட்டுட்டீங்களா சார்?” என்றார்.

இந்தக் கதையை அவரிடம் சொல்ல மலையிலிருந்து நேராகக் கொட்டகைக்குப் போனேன். அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு நிறைய டேப் கிழித்தார். திருகைக் கொஞ்சம் தளர்த்தினார். வேலை இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

அதனால் பத்து நாள் கழித்து நானே சீட்டைக் கழற்றி எர்த் வயரைத் தளர்த்தினேன். அலாரம் வேலை செய்யவில்லை என்று முகத்தை வாட்டமாக வைத்துக்கொண்டு போய் நின்றேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். டெஸ்ட் லைட்டால் ஒவ்வொரு இடமாகத் தொட்டு வந்து எர்த் வயரில் நின்றார். அந்த நட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“எலி வேல” என்றார்.

“அப்படியா? மலையில எலி ஜாஸ்திதான்.”

“ஜாஸ்திதான். பத்தாம் நம்பர் ஸ்பேனர் புடிக்கத் தெரிஞ்ச எலி.”

எனக்குக் காது சுட்டது. ஆனால் அவர் நட்டை முறுக்கிவிட்டு, எதிரே இருந்த டீக்கடையில் இரண்டு டீ சொன்னார். இரண்டு. அன்று முதல் அந்த எலி எங்கள் இருவருக்கும் பொதுவாகிவிட்டது. மாதத்துக்கு இரண்டு தடவை எலி வரும். ஒரு தடவை ஃபியூஸைப் பிடுங்கியது, ஒரு தடவை வயர்கள் சேரும் கப்ளரைக் கழற்றியது. மழைக்காலத்தில் ஒரு மாதம் மலையிலேயே முகாம் போட்டுவிட்டேன், திரும்பி வந்தபோது, “எலிக்கு ஒடம்பு சரியில்லையோன்னு நெனச்சேன்” என்றார். நான் வண்டியில் பெட்ரோல் போடப் போனவன் போல அங்கிருந்து ஓடிவிட்டேன். டேங்க் நிறைய பெட்ரோல் இருந்தது.

இப்போது அந்த அக்கா விஷயத்துக்கு வருகிறேன். நம் பக்கத்தில் ஒரு பெண்ணை அக்கா என்று கூப்பிட்டுவிட்டால் அது வெறும் சொல் இல்லை. அதற்கு ஊரே சாட்சி. எதிரே டீக்கடை அண்ணன் சாட்சி, பஞ்சர் ஒட்ட வருகிறவர்கள் சாட்சி. அக்கா என்று கூப்பிட்டவரிடம் போய் நான் வேறு மாதிரி நின்றால், முதலில் என்னையே எனக்குப் பிடிக்காது. அதனால் அந்தச் சொல்லைச் சத்தமில்லாமல் பிடுங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். வாக்கியங்களைக் கூப்பிடாமலேயே தொடங்கினேன். தொண்டையைக் கனைத்தேன். “வந்து” என்று ஆரம்பித்தேன். ஒருநாள் வேறு வழி தெரியாமல் “ஹலோ” என்று கூப்பிட்டேன். அவர் தன் போனைத் தேடினார்.

டீக்கடை அண்ணனுக்குத் தெரிந்திருக்கும்போல. ஒருநாள் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “இன்னா சார், இப்பல்லாம் அக்கான்னு வாய்ல வரமாட்டேங்குது?” வாயில் புண் என்றேன். ஒரு வருடமாகவா என்று கேட்டார். புண் பெரிசு என்றேன்.

எனக்கு மட்டும்தான் இந்தப் பாடு என்று நினைத்திருந்தேன். அவர் எல்லாரையும் சார் என்றுதான் கூப்பிடுவார், என்னையும் அப்படித்தான். ஒருநாள் மலையிறங்கும்போது யோசித்துப் பார்த்தால், அவர் என்னை சார் என்று கூப்பிட்டு மாதக்கணக்காகிறது. “இன்னா, எலி வந்துச்சா?” என்கிறார். “டீ ஆறுது பாருங்க” என்கிறார். சார் இல்லை. அண்ணன் இல்லை. ஒன்றும் இல்லை. நான் கூப்பிட வார்த்தையில்லாமல் இருந்தேன், அவரும் இல்லாமல் இருந்தார். அன்று வளைவில் வண்டியை நிறுத்திவிட்டு, கீழே கோமுகி அணைத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு ஒரு வாக்கியம் தயாரித்தேன். ‘நாம ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கலாங்களா?’ ஒரு வாக்கியம்தான். அதை ஆறு மாதம் மனப்பாடம் செய்தேன். மாடுகளிடம் சொல்லிப் பார்த்தேன். எந்த மாடும் மறுப்புச் சொல்லவில்லை.

மார்கழியில் ஒருநாள் போனேன். எலி வராமலேயே போனேன், அலாரத்தில் ஒரு குறையும் இல்லை. அதுவே எனக்கு வீரச்செயல். அவர் ஒரு ஸ்கூட்டரின் ஹெட்லைட்டைப் பிரித்து வைத்திருந்தார். நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்:

“எங்க அண்ணன் திருக்கோவிலூர்ல எனக்குன்னு ஒரு கட புடிச்சி வச்சிருக்காரு. இங்க ஒண்டியா இன்னாத்துக்கு, அங்கயே வந்துடுன்னு சொல்லிக்கினே இருக்காரு. பொங்கலுக்குள்ள சொல்லணுமாம்.”

நீங்க என்ன சொன்னீங்க என்று கேட்டேன்.

“நான் இன்னும் ஒண்ணும் சொல்லல.”

அப்போதுதான் நிமிர்ந்தார். ஹெட்லைட்டைக் கீழே வைத்தார். டெஸ்ட் லைட்டையும் வைத்தார். கையில் ஒன்றும் இல்லாமல் அவரை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

எனக்கு வியர்த்தது. மார்கழியில் வியர்த்தது. இரண்டு கையையும் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு, மூச்சை இழுத்து, அந்த வாக்கியத்தைச் சொல்லத் தொடங்கினேன். பாக்கெட்டுக்குள் வலது கை எதையோ இறுக்கிப் பிடித்துக்கொண்டது. பயத்தில் கை எதையாவது பிடிக்கத்தானே செய்யும். பிடித்தது ரிமோட்டை.

சைரன் அலறியது. முதல் ராகம். நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஆறு மாத மனப்பாடம், ஆரம்பித்தால் நடுவில் நிறுத்த வராது. சைரனுக்கு மேலே குரலை உயர்த்தி வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடித்தேன். இரண்டாவது ராகம் வந்தது. ரிமோட்டை வெளியே எடுத்துத் தப்பான பொத்தானை அழுத்தினேன், இன்டிகேட்டர் எல்லாம் சேர்ந்து அடிக்கத் தொடங்கியது. கீழே போட்டேன், பொறுக்கினேன், மறுபடி அழுத்தினேன். மூன்று, நான்கு, ஐந்து. அவர் அசையவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆறாவது ராகத்தின் நடுவில் எப்படியோ நின்றது.

சாலையில் ஒரு வண்டி இல்லை. டீக்கடையில் கரண்டி சத்தம்கூட இல்லை.

“சைரன் நின்னுடுச்சி” என்றார் மெதுவாக. “இப்ப சொல்லுங்க.”

அவர் கேட்டது ஒரு வாக்கியம். அது அப்போதுதான் என் வாயிலிருந்து வெளியே வந்திருந்தது, இன்னும் சூடு ஆறவில்லை. இன்னொரு தடவை எடுத்து வைக்கவேண்டியதுதான். என்னைச் சுற்றி அவ்வளவு அமைதியாக உலகம் இருந்து நான் பார்த்ததில்லை. அந்த அமைதியில் என் குரல் எப்படிக் கேட்கும் என்று நினைத்தேன். அவ்வளவுதான், எதிரில் நின்றவர் கண்ணெதிரே மூத்தவராகிவிட்டார்.

“ஒண்ணுல்லக்கா. ரிமோட்ல பேட்டரி கம்மியாயிடுச்சின்னு சொன்னேன்.”

அவர் கையை நீட்டினார். ரிமோட்டைக் கொடுத்தேன். அதன் முதுகைத் திறந்து, உள்ளே இருந்த சின்ன பேட்டரியை எடுத்து, மீட்டரில் வைத்துப் பார்த்தார். முள் மேலே போய் நின்றது. அதை நானும் பார்த்தேன். திரும்பப் போட்டு மூடி, துணியால் துடைத்து என் கையில் வைத்தார்.

“பேட்டரி நல்லாதான் இருக்குது சார்” என்றார்.

ஸ்கூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். டேப்பைக் கத்தியால் வெட்டினார்.

அதற்குப் பிறகு பொங்கல் கழியும் வரை அந்தச் சாலையில் போகவில்லை. அலுவலகத்துக்குச் சுற்றுவழியில் போனேன். தைரியம் வந்து ஒருநாள் போனபோது கொட்டகை பூட்டியிருந்தது, பலகையைக் காணோம். சாமானை ஏற்றிக்கொண்டு போய் நாலு நாள் ஆகிறது என்றார் டீக்கடை அண்ணன். ஒரு டீயைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். எனக்குத் தாங்கவில்லை, அவரிடமே எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்கு நான் முக்கியமான ஒன்றைச் சொன்னேன், பாழாய்ப்போன சைரனில் அவருக்குக் கேட்காமல் போய்விட்டது என்றேன்.

அண்ணன் என்னையே பார்த்தார். வழக்கமான கிண்டல் முகத்தில் இல்லை.

“ரோட்டுக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டுது சார்” என்றார்.

திருக்கோவிலூர் ஒன்றும் வேறு தேசம் இல்லை. வண்டியில் போனால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. மூன்று முறை போயிருக்கிறேன். ஊருக்குள் நுழைகிற இடத்தில் ஒரு கரும்பு ஜூஸ் கடை இருக்கிறது. மூன்று முறையும் அங்கே இரண்டு கிளாஸ் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். ஜூஸ் நன்றாகத்தான் இருந்தது. அவர் கடை எந்தத் தெருவில் என்று ஜூஸ் பிழிகிறவரிடம் கேட்க வாய் திறந்து, இஞ்சி கொஞ்சம் ஜாஸ்தியாகப் போடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

நாலு வருடமாகிறது. சத்தத்தோடு வந்த ஒன்றை அவர் எப்படி எடுத்துக்கொள்வார்? யார் சொன்னதையும் ஒரு தடவையில் எடுத்துக்கொள்கிறவர் இல்லையே. கேட்டிருக்கிறார். கேட்டதை, சத்தம் அடங்கிய பிறகு இன்னொரு முறை தொட்டுப் பார்க்க நினைத்திருக்கிறார். தொட்ட இடத்தில் கரண்ட் இல்லை.

அந்த அலாரத்தில் இதுவரை ஒரு கோளாறும் வந்ததில்லை. மலையில் எங்காவது நிறுத்தியிருக்கும்போது ஏதாவது இடித்து வண்டி கத்தினால், முன்பெல்லாம் விழுந்தடித்து ஓடி நிறுத்துவேன். இப்போது ஓடுவதில்லை. ஆறு ராகத்தையும் பாடி முடிக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன். அது தானாக ஓய்ந்ததும் மலையில் ஒரு அமைதி வரும், இலை விழுந்தால் கேட்கும். அக்கம்பக்கம் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு, அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்க்கிறேன். இப்போது நன்றாகவே வருகிறது. தொண்டையைக் கனைக்காமல் வருகிறது. அக்கா இல்லாமல் வருகிறது.